கைதூக்குவோர் மன்றம்

சட்டமன்றம் என்னும் பெயர்க்குச் சட்டம் ஆக்குவோர் கூடும் மன்றம் என்பதே பொருள். பிறர் ஆக்கி முடித்த சட்டத்திற்குக் கைதூக்குவோர் கூடும் மன்றம் என்பது பொருளன்று. ஆயினும், இன்று தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சாவடியிலேனும் நின்று, “இத்தொகுதியின் உறுப்பினர் தம் பெயரால் கொண்டுவந்த சட்ட முன்வரைவு யாது? அஃது இப்பொழுது எந்தப் படியில் நிற்கின்றது?” என்று வினவிப் பார்த்தால், ஊரார் வினவியவரையே ஏற இறங்கப் பார்ப்பர். பாலம் கட்டித் தந்தாரா, திருமணத்திற்கு வந்தாரா, இழவுக்கு வந்தாரா என்பவற்றிற்கெல்லாம் அவர்களிடம் கணக்குண்டு. சட்டத்திற்குக் கணக்கில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை, உறுப்பினர்க்கே அவ்வினா புதிதாகத்தான் இருக்கும்.

அமைச்சரல்லாத ஓர் உறுப்பினர் தாமே ஒரு சட்டத்தை வரைந்து அவைமுன் வைக்கலாம் என்பது மன்றநெறி. அதற்குத் தனியுறுப்பினர் சட்ட முன்வரைவு என்று பெயர். அரசின் பொருட்செலவு தொடர்பானவற்றிற்கு ஆளுநரின் பரிந்துரை முன்னரே வேண்டும்; ஏனையவற்றிற்கு வேண்டுவன ஓர் அறிவிப்பும் சிறிது உழைப்பும் நெஞ்சுரமுமே. இவ்வுரிமை நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததன்று. வெள்ளையன் ஆண்ட நாளில், கால் உரிமையும் அரைக்கால் உரிமையுமாக நடந்த அவையிலேயே, இதே சென்னையில் அதனைக் கையிலெடுத்துப் போராடிக் காட்டியவர்கள் உளர். அவருள் இருவர் கதை இற்றை உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் பாடமாக வைக்கத்தக்கது. ஒருவர் பெண், மற்றொருவர் தாழ்த்தப்பட்ட குடியில் தோன்றியவர். அவர்களுக்குப் பின்னே பெருங்கட்சியுமில்லை, பணப்பெட்டியுமில்லை.

முத்துலக்குமி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர்தம் தாய் இசைவேளாளர் குடியினர். பெண்மகவைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் என்ன செய்யும் என்பதை அவர் நூலிற் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. 1926இன் இறுதியில் சென்னைச் சட்ட அவைக்கு அமர்த்தப்பட்டு, அவ்வவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வந்தவர் பதவியின் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. 1927 நவம்பரில் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவை அதனை ஏற்றது. ஏற்ற கையோடு அரசு கண்ணயர்ந்தது.

இந்தக் கண்ணயர்வு புதிதன்று. 1912இலேயே நடுவண் சட்ட அவையில் மூன்று உறுப்பினர்கள் தனித்தனியே இதுபற்றி முன்வரைவுகள் கொண்டுவந்தனர். அரசு அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, தானே ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லி, கொண்டும் வந்து, 1914இல் போர் மூண்டதும் அதனைக் கிடப்பிற் போட்டுவிட்டது. தனியுறுப்பினரின் கையிலிருந்து முன்வரைவைப் பிடுங்கிக் கொன்றுவிடும் கலை அத்துணைப் பழையது. அம்மையார் அதனை அறிந்திருந்தார். தீர்மானம் என்பது வேண்டுகோள். சட்டம் என்பது கட்டளை. வேண்டுகோளோடு நின்றுவிட்டால் பயனில்லை என்று கண்டு, 1928இல் தாமே ஒரு முன்வரைவை எழுதிக்கொண்டு அவைக்குள் வந்தார்.

அம்முன்வரைவில் இருந்த கூர்மையை இன்றைய வரைவறிஞர்களும் கற்றுக்கொள்ளலாம். சிறுமியைப் பரத்தைமைக்கு விற்பதையும் வாங்குவதையும் ஒறுக்கும் 372, 373ஆம் பிரிவுகள் குற்றச்சட்டத்தில் இருக்கவே செய்தன. அவையே போதும் என்று கையை விரித்தவர்களும் இருந்தனர். ஆனால், கோயிலில் நடப்பது விற்பனையன்று, கடவுளோடு நடக்கும் திருமணம் என்று ஊரே கூடிச் சொல்லும்பொழுது, மாப்பிள்ளை கல்லாய் நிற்கும்பொழுது, குற்றத்தை மெய்ப்பிப்பவர் யார்? ஆதலின் அம்மையார் நேரே குற்றச்சட்டத்தின்பாற் செல்லவில்லை. 1926ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தச் சென்றார். கோயில் ஊழியத்திற்கென்று விடப்பட்ட இறையிலி நிலத்தை ஒரு குடும்பம் துய்க்க வேண்டுமாயின், தலைமுறைதோறும் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொண்டு அவ்வூழியத்தைச் செய்தல் வேண்டும். ஊழியம் நின்றால் நிலம் போகும். தாயே மகளைக் கோயிலில் விடுவதற்கு அந்த நிலமே தூண்டில். அம்மையாரின் முன்வரைவு நிலத்தைப் பறிக்கவில்லை. நிலத்தையும் ஊழியத்தையும் பிணைத்த கட்டை மட்டும் அறுத்தது. நிலம் பெண்ணிடமே இருக்கும். உரிய தொகையைக் கோயிலுக்குச் செலுத்தினாற் போதும். ஊழியத்திற்காக ஒரு சிறுமி இனிக் கட்டுண்ண வேண்டா. அறத்தைப் பற்றி ஆயிரம் பேசுவதைவிட, தீமைக்குச் சோறிடும் வேரைக் கண்டு வெட்டுவதன்றோ சட்டம்!

எதிர்ப்புக்குக் குறைவில்லை. பேராயக் கட்சியின் சத்தியமூர்த்தி மதத்தையும் மரபையும் காட்டி மறுத்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலாகத் தேவரடியார் குலத்துப் பெண்களே பலர் எதிர்த்தனர். தங்களை ஒட்டுமொத்தமாகப் பரத்தையர் என்று ஒரு சொல்லால் இழித்துவிடுவதா என்பது அவர்கள் முறையீடு. அம்முறையீட்டில் வலியும் இருந்தது, உண்மையும் இருந்தது. அவர்கள் குலம் காத்த சதிராட்டத்தை 1930களில் பிறர் எடுத்துக்கொண்டு, ‘பரதநாட்டியம்’ என்று வடமொழிப் பெயர் சூட்டி, மேற்குலத்து மேடையில் ஏற்றி, காத்தவர்களை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பதை எண்ணினால் அவர்கள் அச்சம் வீணன்று என்பதும் விளங்கும். ஆயினும், கலையைக் காக்க ஒரு குழந்தையின் வாழ்வைக் காணிக்கையாக வைக்க வேண்டும் என்பது எந்த அறத்திலும் நில்லாது. 1929 தொடக்கத்தில் முன்வரைவு நிறைவேறி, அவ்வாண்டின் 5ஆம் சட்டமாயிற்று. பெண்ணொருத்தி, அமைச்சரல்லாதவர், தம் பெயரால் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம் அது.

கட்டு அறுந்தது, ஆனால், பொட்டுக்கட்டுதல் குற்றமாகவில்லை. அதற்கென 1930இல் அம்மையார் மற்றொரு முன்வரைவு கொண்டுவந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் காந்தியார் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அவர் அவையினின்று விலகினார். அவர் நீங்கியபின் அம்முன்வரைவு கரையேறவில்லை. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் விலகல் அவர்தம் நெஞ்சுக்கு உண்மையானது. அதனைக் குறை சொல்லுதல் எளிதன்று. ஆனால், வடபுலத்து அரசியலின் அலையொன்று இங்கே அடித்தபொழுது, அதற்கு விலை கொடுத்தவர்கள் தமிழகத்துக் கோயில் தெருக்களில் இருந்த சிறுமியர். பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் வந்த பிறகே பொட்டுக்கட்டுதல் சென்னை மாநிலத்தில் குற்றமாயிற்று. பதினேழு ஆண்டு என்பது ஒரு பெண்மகவு பிறந்து, வளர்ந்து, பொட்டுக்கட்டப்பட்டு, மீளமுடியாதபடி அழுந்திப்போவதற்குப் போதுமான காலம்.

அவ்விடைக்காலத்தில் மன்றத்துக்கு வெளியே அத்தீயை அணையாமற் காத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் அவையில் அமர்ந்தவரல்லர். ஊர் ஊராகச் சென்று பேசினார். அக்கொடுமையைக் கதையாக எழுதி 1936இல் நூலாக வெளியிட்டார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியினின்று சென்னை வரை நடந்த படையிலும் அவரே முன்னே நடந்தார். பெண்ணடிமையை எதிர்த்த காலும் மொழியடிமையை எதிர்த்த காலும் ஒரே கால் என்பதைத் தமிழர்கள் மறத்தல் கூடாது.

இனி மற்றொருவர் கதை. எம். சி. இராசா 1883இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். 1920இல் சென்னைச் சட்ட அவைக்கு அமர்த்தப்பட்டவர். 1922இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்மேல்தான், அரசுப் பதிவேடுகளில் ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்னும் வழக்குகள் நீங்கி ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயர் ஏறியது. பெயரில் என்ன இருக்கின்றது என்பார் சிலர். நாள்தோறும் இழிபெயரால் அழைக்கப்படாதவர்களே அங்ஙனம் கேட்பர்.

ஆனால், அவர்தம் வாழ்வின் கடுமையான பாடம் 1938இல் நிகழ்ந்தது. அதற்குமுன் 1932இல் நடந்த ஒன்றை அறிந்தால்தான் அது விளங்கும். முன்னர் முதலமைச்சராய் இருந்த மருத்துவரல்லாத ‘டாக்டர்’ சுப்பராயன், தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் நுழைய வழிசெய்யும் முன்வரைவு ஒன்றனைச் சென்னை அவையில் கொண்டுவர விரும்பினார். 1919ஆம் ஆண்டின் ஆட்சிச் சட்டப்படி அத்தகைய முன்வரைவை அவையில் வைப்பதற்கே தலைமை ஆளுநரின் இசைவு வேண்டும். 1933 சனவரியில் வில்லிங்டன் இசைவு மறுத்தார். இஃது இந்தியா முழுமைக்கும் உரிய செய்தி, ஒரு மாநிலத்தளவில் முடிவு செய்யத்தக்கதன்று என்பது அவர் சொன்ன கரணியம். அதற்கு மாற்றாக நடுவண் அவையில் அரங்க ஐயர் என்பார் வைத்த முன்வரைவுக்கு இசைவளிக்கப்பட்டது. அதுவும் 1934இல் கொண்டுவந்தவராலேயே திரும்பப் பெறப்பட்டது. மதுரைக் கோயில் வாயிலில் யார் நிற்பது என்பதைத் தில்லியில் முடிவு செய்தார்கள். முடிவு செய்யாமலே விட்டும் விட்டார்கள்.

1937இல் மாநிலத்தாட்சி வந்தது. பேராயக் கட்சி அரசமைத்தது. தீண்டாமை ஒழிப்பையே மூச்சாகப் பேசிய கட்சி அது. எனவே, 1938இல் இராசா இரண்டு முன்வரைவுகளோடு சென்றார். கிணறு, குளம், பாதை முதலிய பொதுவிடங்களில் தாழ்த்தப்பட்டோர்மேல் சுமத்தப்பட்ட தடைகளை நீக்குவது ஒன்று. அஃது அரசின் துணையோடு நிறைவேறி, அவ்வாண்டின் 21ஆம் சட்டமாயிற்று. கோயிற் கதவைத் திறப்பது மற்றொன்று. கிணற்றைத் திறந்த கை கோயிலைத் திறக்க மறுத்தது. தலைமை அமைச்சர் இராசகோபாலாச்சாரியார் முன்வரைவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு சொன்னார். மலையாளப் பகுதிக்கு மட்டும் அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்றார். இராசா அதனைத் தேர்வுக்குழுவுக்கேனும் அனுப்புக என்று கேட்டு நின்றார். அவை மறுத்தது. கட்சிப் பெரும்பான்மையால் முன்வரைவு வீழ்த்தப்பட்டது.

வீழ்த்தப்பட்ட முறையில்தான் நஞ்சு இருக்கின்றது. பூனா உடன்பாட்டின் வழியே ஒதுக்கீட்டுத் தொகுதிகளில் வென்று, தாழ்த்தப்பட்டோரின் பெயரால் அவைக்குள் வந்திருந்த பேராயக் கட்சி உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைக்கு உட்பட்டவர்களாகவே அங்கு அமர்ந்திருந்தனர். தம் இனத்துக்குக் கோயில் திறக்கும் முன்வரைவு கண்ணெதிரே கொல்லப்படும்பொழுது, அவர்களுக்குக் கை இருந்தது, அக்கை கட்சிக்கு உரியதாக இருந்தது. இராசாவோ 1932இல் மூஞ்சேயோடு உடன்பாடு செய்துகொண்டு, அம்பேத்கரை எதிர்த்து, கூட்டுத்தொகுதி முறைக்குத் துணைநின்றவர். தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே உண்ண நேர்ந்தது. காந்தியார்க்கு முறையிட்டு மடல் எழுதினார். இராசகோபாலாச்சாரியாரை நம்புங்கள் என்னும் அளவிலேயே அறிவுரை வந்தது. இம்மடற்போக்கை அம்பேத்கர் பின்னாளில் தம் நூலில் எடுத்துவைத்துப் பேராயக் கட்சியைக் கடிந்துரைத்தார்.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். ஓராண்டுதான் கழிந்தது. 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் சிலர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். உடனே கோயில் அலுவலர்மீதும் உடன் சென்றோர்மீதும் வழக்குகள் பாயக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. அவர்களைக் காக்க விரைந்து அவசர ஆணை பிறந்தது. பிறகு அதுவே 1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமாயிற்று. நுழைவுக்கு ஒப்புதலும் நுழைவித்தார்க்குக் காப்பும் என்பதே அச்சட்டத்தின் பெயர். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்த ஒருவர் தம் மக்களுக்காகக் கேட்டபொழுது ‘காலம் கனியவில்லை’ என்று நின்ற சட்டம், கோயில் அலுவலர்க்கு வழக்கு வரும் என்றபொழுது சில நாள்களிற் கனிந்துவிட்டது! மாநிலம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இராசா 1943இலேயே மறைந்துவிட்டார்.

அன்று ஒருவர் கட்சிக் கட்டளையை மீறினால் கட்சி அவரை வெளியேற்றலாம், அவ்வளவே. இன்று உறுப்பினர் பதவியே பறிபோகும். 1985ஆம் ஆண்டின் 52ஆம் திருத்தம் கட்சிதாவலைத் தடுக்க வந்தது. காலையில் ஒரு கொடியும் மாலையில் மற்றொரு கொடியுமாக விலைபோனவர்களை நினைத்தால் அதற்குத் தேவை இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால், விலைபோகிறவனைக் கட்டப் போட்ட கயிறு, எண்ணுகிறவனையும் சேர்த்துக் கட்டிவிட்டது. தம் கட்சி எதிர்க்கச் சொல்லிய ஒரு நல்ல முன்வரைவுக்கு ஒப்போலை அளித்தால் இருக்கை போகும் என்னும் நிலையில், அதனை எழுதத் துணிபவர் யார்? எழுதினாலும் துணைநிற்பவர் யார்? தாவியவர்களோ, மூன்றில் இரண்டு பங்கினராகத் தாவி வழி கண்டுகொண்டார்கள்.

இஃது இங்கு மட்டும் உள்ள நோயன்று. இந்திய நாடாளுமன்றத்தில் 1952 முதல் தனியுறுப்பினர் முன்வரைவுகள் பதினான்கே இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமாயின. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். 2015 ஏப்பிரல் 24ஆம் நாள் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை முன்வரைவு மாநிலங்களவையில் ஒருமனமாக நிறைவேறியது. பல்லாண்டுகளாக நிகழாதது நிகழ்ந்தது. பிறகு? மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தானே ஒன்று கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கிக்கொண்டது; அதனைத் தங்களுக்கு ஏற்றதன்று என்று திருநங்கையர் பலர் தெருவில் நின்று எதிர்த்தனர். 1912இல் கண்ட அதே கலை, நூறாண்டு கழிந்தும் கைமறக்கவில்லை.

தமிழ்நாடு என்னும் பெயரே இம்முறையின் வாயில் அகப்பட்டுத் துன்புற்றதன்றோ? 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். 1961இல் மாநிலங்களவையில் அப்பெயர் மாற்றத்திற்கு முன்வரைவு கொண்டுவந்தவர் வங்காளத்துப் பொதுவுடைமையாளர் பூபேசு குப்தா. 1963இல் அதன்மேல் அண்ணா முழங்கினார். பேராயக் கட்சிப் பெரும்பான்மை அதனை வீழ்த்தியது. 1967 சூலை 18இல் இங்குள்ள மன்றம் ஒருமனமாகத் தீர்மானித்தது. அப்பொழுதும் அது தீர்மானமே, சட்டமன்று. தன் பெயரைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமை அரசமைப்பின் 3ஆம் கூற்றின்படி ஒரு மாநிலத்திற்கு இல்லை. 1968இல் நாடாளுமன்றம் சட்டமியற்றிய பிறகே, 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு தமிழ்நாடாயிற்று. குழந்தைக்குத் தாய் இடும் பெயரை அடுத்த வீட்டார் ஒப்ப வேண்டும் என்னும் முறை வேறெங்கேனும் உண்டா?

இத்தனையும் கடந்து ஒரு முன்வரைவு மன்றத்தில் நிறைவேறிவிட்டதென்றே வைத்துக்கொள்வோர், 200ஆம் கூற்றை ஒருமுறை படித்தல் வேண்டும். வில்லிங்டன் வைத்திருந்த பூட்டு முன்வாயிலில் தொங்கியது. விடுதலைக்குப்பின் அதனைக் கழற்றிப் பின்வாயிலில் மாட்டினர், அவ்வளவே மாற்றம். தமிழ்நாட்டு மன்றம் நிறைவேற்றிய பத்து முன்வரைவுகளை, அவற்றுள் இரண்டு 2020ஆம் ஆண்டினவாக இருக்க, ஆளுநர் வைத்திருந்து, வழக்குத் தொடுத்த பிறகு 2023 நவம்பர் 13இல் திருப்பி அனுப்பினார். நவம்பர் 18இல் மன்றம் சிறப்பாகக் கூடி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுத்தல் கூடாது என்பது அரசமைப்பின் எழுத்து. அவரோ குடியரசுத் தலைவர்க்கென ஒதுக்கிவைத்தார். 2025 ஏப்பிரல் 8இல் உச்ச நயன்மன்றத்தின் இருவர் அமர்வு, இச்செயல் பிழை என்று கூறி, பத்தும் ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தது. ஆளுநரின் கையெழுத்தின்றி அவை அரசிதழேறின. தமிழகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சி எட்டுத் திங்கள்கூட நீடிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கேட்ட வினாக்களுக்கு விடையாக, ஐவர் அமர்வு, ஆளுநர்க்கு நயன்மன்றம் காலவரையறை விதித்தல் இயலாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளல்’ என்பதும் அரசமைப்பில் இல்லை என்று கருத்துரைத்தது. காரணமின்றிக் காலவரையின்றி வைத்திருத்தலும் ஆகாது என்று சொல்லத்தான் செய்தது. எவ்வளவு வைத்திருந்தால் காலவரையின்றி என்பதுதான் இனிமேல் வழக்காடி அறியவேண்டியது.

பெரும்பான்மை பெற்ற ஓர் அரசின் முன்வரைவுக்கே இந்த நிலையென்றால், கட்சித் துணையற்ற ஒற்றை உறுப்பினரின் முன்வரைவு பின்வாயிற் பூட்டின்முன் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை எண்ணவும் அச்சமாயிருக்கின்றது. ஆனால், ஆளுநரைக் காட்டித் தங்கள் சோம்பலை மறைத்துக்கொள்ள உறுப்பினர்களுக்கு உரிமையில்லை. பூட்டை இகழ வேண்டுமாயின் முதலிற் கதவுவரை வந்திருக்க வேண்டும். 234 பேர் அமரும் அவையில், அமைச்சரைப் புகழ்வதற்கும் பலகையைத் தட்டுவதற்கும் வெளிநடப்புச் செய்வதற்கும் நேரமிருக்கின்றது. ஆற்று மணலைப் பற்றி, பனைமரத்தைப் பற்றி, கடைப்பெயர்ப் பலகையைப் பற்றி, தம் தொகுதி மக்கள் படும் தொல்லையைத் தம் கையால் எட்டுப் பிரிவாக எழுதிக்கொண்டுவர நேரமில்லை.

எழுதினாலும் எம்மொழியில் எழுதுவது? இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழிவு. 1956ஆம் ஆண்டின் 39ஆம் சட்டத்தால் தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. மன்றத்தில் தமிழில் பேசலாம். 210ஆம் கூற்றின்படி இந்தியிலும் பேசலாமாம், அதனைக் கேட்க அங்கு ஆளில்லாவிடினும். ஆனால், முன்வரைவின் அதிகார எழுத்து எது என்று வந்தால், 348ஆம் கூறு ஆங்கிலத்தைக் காட்டுகின்றது. மாநில மன்றம் தன் மொழியிலேயே சட்டம் இயற்ற முடிவு செய்தாலும், ஆளுநரின் அதிகாரத்தால் வெளியிடப்படும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கிலத்தில் அதிகார எழுத்தாகும் என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. நயன்மன்றத்தின் மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்கப்படுவது அந்த ஆங்கில எழுத்தே. தமிழன் தமிழர்க்காகத் தமிழில் எழுதிய சட்டம், தன் மொழிபெயர்ப்பின் முன்னே கைகட்டி நிற்கின்றது. முத்துலக்குமி அம்மையார் ஆங்கிலத்தில் முன்வரைவு எழுதினார். அவையின் பட்டறிவைக் குறித்த தம் நூலையும் 1930இல் ஆங்கிலத்திலேயே எழுதினார். அன்று வேறு வழியில்லை. இன்றும் வேறு வழியில்லை என்பதை எந்த நாவால் சொல்வது?

எனவே தமிழ் மக்கள் கேட்க வேண்டியவை சில உள. மன்றம் கூடும் காலத்தில் கிழமைக்கு ஒரு நாளேனும் தனியுறுப்பினர் முன்வரைவுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டு, அந்நாள் வேறெப்பணிக்கும் பறிக்கப்படாதிருத்தல் வேண்டும். அவற்றின்மேல் கட்சிக் கட்டளை பிறப்பித்தல் கூடாது. கட்டளை அரசைக் கவிழ்க்கும் ஒப்போலைக்கும் வரவுசெலவுத் திட்டத்திற்கும் மட்டும் போதும். எந்த உறுப்பினர் எதனைக் கொண்டுவந்தார், அஃது எந்நாள் எங்கே நின்றது, யார் நிறுத்தினார் என்பதை அரசிதழில் தமிழில், ஊர்ச் சாவடியில் படித்துக்காட்டத் தக்க தமிழில், திங்கள்தோறும் வெளியிடுதல் வேண்டும். தமிழ் எழுத்தே அதிகார எழுத்து என்று 348ஆம் கூற்றைத் திருத்தும்வரை நாடாளுமன்றத்தில் உள்ள தமிழ்நாட்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முன்வரைவு அங்கே வைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். தோற்கட்டும், மறுபடி வைக்கட்டும்.

அடுத்த முறை ஒப்போலை கேட்டு வாயிற்படியில் வந்து நிற்பவர் யாராயினும், எக்கொடியினராயினும், அவரிடம் பாலத்தைப் பற்றிக் கேட்பதற்குமுன், மன்றத்தில் முதலாண்டு கொண்டுவரப்போகும் சட்ட முன்வரைவு யாது என்று கேளுங்கள். சொன்னால், அதனைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தாளை ஊர்ச் சாவடியில் ஒட்டி வையுங்கள்.